உங்களுக்குத் தெரியுமா? காய்ந்த ரொட்டிக்கு அடித்த கிறிஸ்துமஸ் யோகம்

பிரெட் காய்ந்து போனால் நம் வீடுகளில் அதற்கு இரண்டே கதிதான்: ஒன்று உப்புமா, இல்லாவிட்டால் காக்கை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அதே காய்ந்த பிரெட்டை வெண்ணெய், வெங்காயம், மூலிகையோடு பிசறி, எலும்புச் சாறு ஊற்றி, ஓவனில் சுட்டுப் பண்டிகை மேசையின் நடுவில் வைக்கிறார்கள். பெயர் ஸ்டஃபிங். டெல்லி மந்திர் மார்க் குவார்ட்டர்ஸில் ஒரு சின்ன ஓ.டி.ஜி.யை வைத்துக்கொண்டு நாலைந்து கிறிஸ்துமஸாக இதோடு மல்லுக்கட்டியதில் சேர்ந்த துணுக்குகள் இவை.

படிக்கிற ரோடா?

டெல்லித் தமிழர்களுக்கு மந்திர் மார்க் என்றதும் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். 1923-இல் தொடங்கிய டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தச் சாலை ரீடிங் ரோடு. வரிசையாகப் பள்ளிகள் இருப்பதால் 'படிக்கிற ரோடு' என்று நினைத்துவிட வேண்டாம். 1921 முதல் 1926 வரை வைஸ்ராயாக இருந்த லார்ட் ரீடிங்கின் பெயர் அது.

ஒரே சாலை, நாலு பண்டிகை

1939-இல் பிர்லா மந்திரைத் திறந்து வைத்தவர் காந்தி. எல்லாச் சாதியினரையும் உள்ளே விட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அதே சாலையில் வங்காளிகளின் காளி பாரி இருக்கிறது. 1946-47-இல் காந்தி தங்கியிருந்த வால்மீகி கோயில் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் எழுந்த புனித தாமஸ் தேவாலயமும் இருக்கிறது. இந்தச் செங்கல் தேவாலயத்தை வடிவமைத்த வால்டர் ஜார்ஜ்தான் சுஜான் சிங் பார்க் குடியிருப்பையும் வடிவமைத்தவர். கோகுலாஷ்டமி, துர்கா பூஜை, வால்மீகி ஜெயந்தி, கிறிஸ்துமஸ் என்று ஒன்று மாற்றி ஒன்று. விருந்துச் சாப்பாட்டைப் பற்றி எழுத இதைவிடத் தோதான முகவரி எனக்குக் கிடைக்காது.

உள்ளேயா, வெளியேயா?

பறவையின் வயிற்றுக்குள் அடைத்துச் சுட்டால் ஸ்டஃபிங். தனித் தட்டில் பரப்பிச் சுட்டால் டிரெஸ்ஸிங். இலக்கணம் அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் எங்கே வைத்துச் சுட்டாலும் டிரெஸ்ஸிங் என்றே சொல்வார்கள். அங்கே கோதுமை ரொட்டிக்குப் பதில் மக்காச்சோள ரொட்டியை உதிர்த்துப் போடுவதும் வழக்கம். சாம்பார் என்பதா குழம்பு என்பதா என்று நம் ஊர்ப் பந்தியில் நடக்கும் வழக்கு மாதிரி, இதுவும் தீராத வழக்கு.

முதல் வருடத்துக் களி

முதல் தடவை செய்தபோது, நல்ல விருந்துக்கு நல்ல சரக்கு வேண்டும் என்று அன்று சாயங்காலம் வந்த மெத்தென்ற பிரெட்டையே வாங்கினேன். பிய்த்துப் போட்டு, சூடான கோழிச் சாற்றை ஊற்றிக் கிளறினேன். கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரம் சுட்ட பிறகும் மேலே தோல், கீழே களி. மேல்மாடித் திருவல்லாச் சேச்சி ஒரு ஸ்பூன் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னிக்கு வாங்கின பிரெட்டா? அப்படின்னா இதுல போஸ்டர்தான் ஒட்டலாம்." ஈரமுள்ள பிரெட் ஏற்கெனவே வயிறு நிறைந்த விருந்தாளி, அதற்குமேல் எதையும் உள்ளே வாங்காது. மிஞ்சும் சாறு பிரெட்டைக் கரைத்துப் பசையாக்கிவிடும்.

பழசு வேறு, காய்ந்தது வேறு

ரொட்டி பழசாவது ஈரம் போவதால்தான் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். பிரெஞ்சு வேதியியலாளர் பூசிங்கோ 1852-இலேயே இது தவறு என்று காட்டிவிட்டார். ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த ரொட்டியும் விறைத்துப்போனது. சூடாக்கியதும் மறுபடி மெத்தென்று ஆனது. வேகும்போது நெகிழ்ந்துபோன மாவுச்சத்து, ஆறியபின் மெல்ல மெல்லப் படிகமாக இறுகுவதுதான் காரணம். ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும்.

ஃபிரிட்ஜ் இட்லியின் ரகசியம்

இந்த இறுக்கம் வேகமாக நடக்கும் இடம் ஃபிரிட்ஜ். வெளியே வைத்த பிரெட்டைவிட ஃபிரிட்ஜில் வைத்த பிரெட் சீக்கிரம் விறைப்பது அதனால்தான். ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்த இட்லி காலையில் கல்லாக இருப்பதும், ஆவியில் காட்டினால் பூவாக மாறுவதும் இதே கணக்கு. ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் இறுகுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆக, சாப்பிடும் பிரெட்டைப் பல நாள் வைத்திருக்க வேண்டுமானால் ஃபிரீசர். ஸ்டஃபிங் பிரெட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

தராசில் பாருங்கள்

இரண்டு நாள் பழசான பிரெட் கவருக்குள்ளேயே இருந்திருந்தால், விறைத்திருக்குமே தவிர ஈரம் அப்படியே இருக்கும். ஸ்டஃபிங்குக்குத் தேவை ஈரம் போவது. டெல்லி டிசம்பர் மூடுபனியில் பால்கனியில் காய வைத்தால் பிரெட் காயாது, இன்னும் நமுத்துப்போகும். முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டித் தட்டில் பரப்பி, 120 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்து, நடுவே இரண்டு தடவை புரட்டிவிட வேண்டும். 400 கிராம் பிரெட் 300 கிராமுக்கு இறங்கினால் பதம். குறைந்த அந்த 100 கிராம் தண்ணீர் இருந்த இடத்தில்தான் சாறு குடிபுகும்.

டபுள் ரொட்டி, பாண், பாவ்

டெல்லிப் பெட்டிக்கடையில் 'பிரெட்' என்றாலும் கொடுப்பார்கள். பழைய ஆட்கள் கேட்பது 'டபுள் ரொட்டி'. ஈஸ்ட்டில் உப்பி இரட்டிப்பாக எழுவதால் வந்த பெயர் என்று விளக்கம் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் அதுவே 'பாண்'. மும்பையில் 'பாவ்'. இரண்டுமே போர்த்துக்கீசியர் ரொட்டிக்குச் சொன்ன 'பாவ்ம்' என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள். ஈஸ்ட் கிடைக்காத கோவாவில் அவர்கள் மாவைப் புளிக்க வைக்கத் தென்னங்கள்ளை ஊற்றினார்கள். ஆப்பத்துக்குக் கள் ஊற்றும் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அரசாங்க பிரெட்

1965-இல் மத்திய அரசே ஒரு பிரெட் கம்பெனி தொடங்கியது: மாடர்ன் பேக்கரீஸ். மெழுகுத்தாளில் சுற்றிய அந்த பிரெட்தான் பல தமிழ்க் குடும்பங்கள் முதலில் பார்த்த 'ஸ்லைஸ்'. அதற்கு முன் காய்ச்சல் வந்தால்தான் வீட்டுக்குள் பிரெட் வரும். 2000-இல் அரசு அதை இந்துஸ்தான் லீவருக்கு விற்றது. பின்னாளில் பெரிய சர்ச்சையாக வளர்ந்த, பொதுத்துறை நிறுவனங்களையே தனியாருக்குக் கைமாற்றும் விற்பனைக்குப் பிள்ளையார் சுழி போட்டது ஒரு பிரெட் கம்பெனிதான்.

கவரின் பின்பக்கம்

2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், நகரக் கடைகளில் வாங்கிய பிரெட், பன், பாவ், பீட்சா ரொட்டி என 38 மாதிரிகளைச் சோதித்தது. 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் தடயம் இருந்தது. மாவு நன்றாக எழுவதற்காகச் சேர்ப்பது. புரோமேட், புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் இருக்கும் பொருள். அடுத்த மாதமே புரோமேட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. பிரெட் வாங்கும்போது தேதியைப் பார்ப்பவர்கள், பொருள் பட்டியலையும் ஒருமுறை பார்க்கலாம்.

ஐந்தறைப் பெட்டியின் சொந்தக்காரர்கள்

ஸ்டஃபிங்கின் மணம் சேஜ், தைம், செலரி என்ற மூன்றிலிருந்து வருகிறது. பெயர் அந்நியமாக இருந்தாலும் குலம் தெரிந்த குலம்தான். சேஜும் தைமும் துளசி, புதினா, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பம். செலரி, கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் இன்னொரு குடும்பம். வெள்ளைக்காரப் பண்டிகைச் சாப்பாடு என்று நாம் தள்ளி நிற்கும் பாத்திரத்துக்குள் நம் கொல்லைப்புறத்தின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் கிடக்கிறார்கள்.

தைம் இல்லையா? ஓமம் இருக்கிறதே!

தைமுக்கு அந்த மணத்தைத் தருவது தைமால் என்ற பொருள். ஓமத்தின் காரமான மணத்துக்கும் அதே தைமால்தான் காரணம். கண்ணாடிக் குப்பியில் விற்கும் தைமைத் தேடி அலைய வேண்டாம். ஒரு பிரெட் லோஃபுக்குக் கால் டீஸ்பூன் ஓமத்தைக் கசக்கிப் போட்டால் போதும். அதற்கு மேல் போனால் பிள்ளை வயிற்றுவலிக்குக் கொடுக்கும் ஓமத் திராவகத்தின் ஞாபகம் வந்துவிடும். சேஜுக்குப் பதில் கற்பூரவள்ளி இலை இரண்டைப் பொடியாக நறுக்கிப் போடலாம். ருசி அசலாக இருக்காது, ஆனால் ஒட்டும்.

சந்தைக்குப் போனால்

மந்திர் மார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் கோல் மார்க்கெட். 1921-இல் கட்டிய பன்னிரண்டு பக்கக் கட்டடம். புது டெல்லியின் மிகப் பழைய சந்தைகளில் ஒன்று. கோழியும் மீனும் வாங்க இந்த வட்டாரம் பேர்போனது. செலரி, லீக்ஸ், பச்சை சேஜ் போன்ற சீமைச் சரக்குக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் போக வேண்டும். அங்கே செலரி கட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே முருங்கைக்காயும் தேங்காயும் கிடைக்கும். கெட்டியான, மேல்தோல் மொறுமொறுப்பான ரொட்டி வேண்டுமென்றால் கன்னாட் பிளேஸ் பேக்கரிகள் இருக்கின்றன. சுவிஸ் தம்பதி தொடங்கிய வெங்கர்ஸ் அங்கே 1926 என்ற தொடக்க ஆண்டைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கடை.

செய்து பார்க்க: ஆறு பேருக்கு

400 கிராம் பிரெட், காய வைத்த துண்டுகளாக. வெண்ணெய் 100 கிராம், பெரிய வெங்காயம் 2, செலரித் தண்டு 3, பூண்டு 4 பல், கோழிச் சாறு அரை லிட்டர், முட்டை 2, சேஜ் அல்லது கற்பூரவள்ளி, ஓமம், மிளகுத்தூள், உப்பு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை.

வெண்ணெயை மிதமான தீயில் உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரி, பூண்டு மூன்றையும் பத்து நிமிடம் வதக்க வேண்டும். கண்ணாடிப் பதம் போதும். சிவக்க விட்டால் குருமா வாசனை வந்துவிடும். மூலிகை, மிளகு, உப்பு போட்டு இறக்கி, பிரெட் துண்டுகள் மேல் கொட்டிப் பிசறவும். சாறு கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அதில் முட்டையை அடித்துக் கலந்து, மூன்று தவணையாகத் தெளித்துத் தெளித்து ஊற்றுங்கள். கடைசித் தவணைக்கு முன் ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி எழ வேண்டும். விரலிடுக்கில் சாறு சொட்டினால் அதோடு நிறுத்திக்கொள்ளவும்.

வெண்ணெய் தடவிய தட்டில் அமுக்காமல் பரப்பி, ஃபாயிலால் மூடி, 180 டிகிரியில் 25 நிமிடம். பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு இன்னும் 20 நிமிடம். மேலே முறுகல், உள்ளே அல்வா மாதிரி நெகிழ்வு; இரண்டும் ஒரே கரண்டியில் வர வேண்டும்.

சைவக்காரர்களுக்கு

கோழிச் சாறுக்குப் பதில் காளான் தண்டு, கேரட், வெங்காயம், மிளகு போட்டுக் கொதிக்க வைத்து வடித்த சாறு. முட்டை வெறும் பிணைப்புக்குத்தான். விட்டுவிட்டால் துண்டுகள் கொஞ்சம் உதிரியாக வரும், ருசி கெடாது. பிர்லா மந்திர் பக்கத்து எதிர்வீட்டு மாமிக்கு நான் கொடுத்தனுப்புவது இதுதான். அவர் வைத்திருக்கும் பெயர் 'பேக்டு பிரெட் உப்புமா'. மறுக்க வழியில்லை.

ஊர்ஊராகப் பழிபோடும் பறவை

அமெரிக்காவில் ஸ்டஃபிங் அடைக்கும் பறவை வான்கோழி. அதன் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். ஆனால் ஆங்கிலேயர் அதைத் துருக்கிப் பறவை என்று எண்ணி 'டர்க்கி' என்றார்கள். துருக்கியர் இந்தியப் பறவை என்று எண்ணி 'ஹிந்தி' என்கிறார்கள். பிரெஞ்சுக்காரரின் 'தந்த்' என்ற சொல்லிலும் இந்தியா ஒளிந்திருக்கிறது. டச்சுக்காரர் ஒருபடி மேலே போய் ஊர்ப் பெயரையே சொல்லிவிட்டார்கள்: 'கல்கூன்', அதாவது கோழிக்கோட்டுக் கோழி! அந்த டச்சுச் சொல்லே இலங்கைக்குப் போய்ச் சிங்களத்தில் 'களுகுமா' ஆனது. போர்த்துக்கீசியருக்கோ அது 'பெரு' நாட்டுப் பறவை; இந்தியில் வழங்கும் 'பீரு' அங்கிருந்து வந்தது.

ஜஹாங்கீர் பார்த்த அதிசயம்

முகலாய அரண்மனைக்கு வான்கோழி 1612-இல் வந்தது. ஜஹாங்கீர் அபூர்வப் பொருள்கள் வாங்கிவரக் கோவாவுக்கு அனுப்பிய முகர்ரப் கான் கொண்டுவந்த பிராணிகளில் அதுவும் ஒன்று. தலையும் கழுத்தும் பச்சோந்தி மாதிரி நிமிஷத்துக்கு நிமிஷம் நிறம் மாறுவதைப் பாதுஷா தன் நினைவுக் குறிப்பில் வியந்து எழுதியிருக்கிறார். எழுதினால் போதாது என்று ஓவியரை அழைத்து வரையவும் சொன்னார். மன்சூர் தீட்டிய அந்த வான்கோழி இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. டெல்லிக்காரருக்கு வான்கோழி பார்க்கிற பொருளாகத்தான் அறிமுகம். தின்கிற பொருளாக இன்னும் சரியாகப் பழகவில்லை.

ஔவையாரின் வான்கோழி எது?

மயிலைப் பார்த்து ஆடப்போன வான்கோழி மூதுரையில் வருகிறது, பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். மூதுரை சோழர் காலத்து ஔவையார் பாடியது என்பது பொதுவான கருத்து. அமெரிக்க வான்கோழியோ 1492-க்குப் பிறகுதான் கடல் தாண்டியது. அப்படியானால் ஔவையாரின் வான்கோழியும் கிறிஸ்துமஸ் வான்கோழியும் ஒன்றாக இருக்க முடியாது. ஏற்கெனவே இருந்த பறவைப் பெயரைப் புதிதாக வந்தவருக்குச் சூட்டிவிட்டோம். பெயர் வைக்கும் விஷயத்தில் துருக்கியரும் டச்சுக்காரரும் மட்டும் குற்றவாளிகள் இல்லை!

ரோமாபுரி அடைப்பும் மலபார் அடைப்பும்

எதையாவது எதற்குள்ளாவது அடைப்பது பழங்காலத்து ஆசை. அபிசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில், ஒருவகை அணில்போன்ற எலிக்குள் பன்றிக் கொத்துக்கறியும் கொட்டைப்பருப்பும் மிளகும் அடைக்கும் குறிப்பு இருக்கிறது. மிளகு போனது நம் மேற்குக் கரையிலிருந்து. அதே கரையில் மாப்பிள்ளை முஸ்லிம் வீடுகளில் இன்றும் 'கோழி நிறச்சது' உண்டு: முழுக்கோழிக்குள் வெங்காய மசாலாவும் அவித்த முட்டையும். ரொட்டி இல்லாத ஸ்டஃபிங். நம் எண்ணெய்க் கத்தரிக்காயும் கொழுக்கட்டைப் பூரணமும்கூட இந்த வம்சம்தான்.

74 டிகிரி

கோழிக்குள் அடைத்துச் சுட்டால் ருசி அதிகம், ஆபத்தும் அதிகம். வெளியே கறி வெந்து சிவந்திருக்கும், நடுவில் இருக்கும் ரொட்டி வெதுவெதுப்பாகவே இருக்கும். பச்சைக் கோழிச் சாறு இறங்கிய அந்த ரொட்டியில் சால்மோனெல்லா கிருமிக்கு நல்ல குடித்தனம். அடைத்த ரொட்டியின் நடுப்பகுதியே 74 டிகிரி தொட வேண்டும் என்பது அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் விதி. அதுவரை விட்டால் நெஞ்சுக்கறி நாராகிவிடும். என் 28 லிட்டர் ஓ.டி.ஜி.யில் ஒன்றேகால் கிலோக் கோழியே முட்டிபோட்டுத்தான் உட்காரும். அதனால் கோழி தனி, ரொட்டி தனி. கோழியிலிருந்து தட்டில் வழிந்த நெய்யை மட்டும் ரொட்டிமேல் ஊற்றிக்கொள்வது.

பெட்டிக்குள் ஸ்டஃபிங்

1972-இல் அமெரிக்காவில் ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனி ஐந்து நிமிட ஸ்டஃபிங்கைப் பெட்டியில் போட்டு விற்றது. கண்டுபிடித்த குழுவில் முதல் பெயர் ரூத் சீம்ஸ் என்ற மனையியல் வல்லுநருடையது. 1975-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் சூட்சுமம் மசாலாவில் இல்லை. ரொட்டித் துண்டின் அளவில் இருந்தது. ரொம்பப் பொடி என்றால் வெந்நீர் பட்டதும் கூழ். ரொம்பப் பெரிது என்றால் நடுவில் வறட்சி. உப்புமாவுக்கு எந்த ரவை என்று சண்டை போடும் நமக்கு இந்த நுட்பத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இரண்டு வியாழக்கிழமை

ஸ்டஃபிங்கின் பெருநாள் தேங்க்ஸ்கிவிங். பிர்லா மந்திர் திறந்த அதே 1939-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கடைக்காரர்களுக்கு விற்பனை நாள் கூடட்டும் என்று பண்டிகையை ஒரு வாரம் முன்னால் இழுத்தார். பாதி மாநிலங்கள் ஏற்றன, பாதி மறுத்தன. இரண்டு வருடம் குழப்பம். நவம்பர் நான்காம் வியாழன் என்று 1941-இல் சட்டம் போட்டு முடித்தார்கள். கோகுலாஷ்டமி, ஸ்ரீஜெயந்தி என்று ஒரே கண்ணனுக்கு இரண்டு நாள் பிறந்தநாள் கொண்டாடும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

ராமசாமியின் சமையலறை

1878-இல் மதராஸிலேயே ஆங்கிலத்தில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. எழுதியவர் கென்னி ஹெர்பர்ட் என்ற குதிரைப்படை அதிகாரி, புனைபெயர் வைவர்ன். மதராஸ் சரக்கையும் விறகடுப்பையும் வைத்துக்கொண்டு ஐரோப்பியச் சாப்பாடு செய்வது எப்படி என்பதுதான் விஷயம். அதில் சமையல்காரர் எல்லோருக்கும் பொதுவாக அவர் வைத்த பெயர் 'ராமசாமி'. குறிப்பு எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கிறது. அடுப்பு முன்னால் நின்று பதம் பார்த்த ராமசாமிகளின் சொந்தப் பெயர் ஒன்றுகூட இல்லை.

உள்ளது வெளியே, வெளியே உள்ளது உள்ளே

டெல்லித் தெருவின் குளிர்கால ராஜா பிரெட் பகோடா. உருளைக்கிழங்கு மசாலாவை இரண்டு ஸ்லைஸுக்கு நடுவே அடைத்துக் கடலைமாவில் தோய்த்துப் பொரிப்பது. ஸ்டஃபிங்கை அப்படியே திருப்பிப்போட்டது: அங்கே ரொட்டி உள்ளே, இங்கே ரொட்டி வெளியே. பழைய டெல்லியின் ஷாஹி துக்டாவும் நெய்யில் பொரித்த ரொட்டியை ரபடியில் ஊற வைப்பதுதான். ஈரத்தை முதலில் விரட்டி, பிறகு வேறு ஈரத்தைக் குடிக்க வைக்கும் அதே தந்திரம், இனிப்பு வேஷத்தில்.

டிசம்பர் 26

மிஞ்சிய ஸ்டஃபிங்கை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் அது கட்டியாக இறுகியிருக்கும். இறுகட்டும், அதுதான் வேண்டும். கத்தியால் வில்லை வில்லையாக வெட்டி, தோசைக்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க விட்டால் கட்லெட். போன வருடம் சேச்சி டீயோடு நாலு எடுத்துக்கொண்டு, ஐந்தாவதுக்குக் கை நீட்டும்போது கேட்டார்: "இந்தத் தடவை பிரெட் எப்ப வாங்கின?"

"திங்கட்கிழமை சேச்சி."

"அதான்."